‘ஃபார்மட்’ போடுவதற்கு முன் ஃபான்ட்டை எடுத்து வையுங்கள்

வாசகர் கேள்வி: எங்கள் வீட்டுக் கணினி 2008-இல் வாங்கியது. விண்டோஸ் எக்ஸ்பி, ஒரு ஜிபி ராம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க். என் கணவர் ஓய்வு பெற்ற பிறகு சுற்றுப்பட்டுக் கிராமங்களில் கேட்டு எழுதி வந்த தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி எல்லாவற்றையும் அதில்தான் வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்தார். அவர் மறைந்து மூன்று வருடமாகிறது. இப்போது கணினியைப் போட்டால் தேதி 2008 ஜனவரி 1 என்று வருகிறது. மாற்றினால் அன்று முழுக்கச் சரியாக இருக்கிறது, மறுநாள் காலை மறுபடி அதே. நடுவில் கரண்ட் போய் வந்தாலும் அதே. இணையத்தில் எதைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று செய்தி வருகிறது. சில நாள் திரையே வராமல் பீப் பீப் என்று கத்துகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சில சமயம் அணைந்துவிடுகிறது. கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது. பொங்கலுக்கு வந்த மகன் ஒரு ஃபைலை பென் டிரைவில் எடுத்துப் போனான். அவன் கணினியில் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிகிறதாம். “ஃபைல் கெட்டுப்போச்சும்மா” என்கிறான். கடைத் தம்பி வந்து பார்த்துவிட்டு, “ஃபார்மட் போட்டு விண்டோஸ் 10 ஏத்திடலாம், இல்லன்னா எக்ஸ்சேஞ்சுல குடுத்துடுங்க” என்றார். என்ன செய்யட்டும்? (ஓய்வு பெற்ற ஆசிரியை, மன்னார்குடி அருகே)

அம்மா, வணக்கம். ஃபைல் கெடவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். உங்கள் கணவர் அடித்த ஒவ்வோர் எழுத்தும் அந்த ஃபைலில் அப்படியே இருக்கிறது. மகனுடைய கணினியில் இல்லாதது வானவில் ஃபான்ட், அதாவது எழுத்துரு, மட்டும்தான். அந்த ஃபான்ட் இருக்கும் இடம் உங்கள் பழைய கணினியின் சி டிரைவ். கடைத் தம்பி ஃபார்மட் போட்டால், அதாவது டிரைவைத் துடைத்துப் புதிதாக்கினால், முதலில் அழிவது அதுதான். ஆகவே இந்தக் கடிதத்தில் வேறு எது மறந்தாலும், நான் சொல்லும்வரை யாரையும் ஃபார்மட் போட விடாதீர்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் கவலை தந்த வரி அதுதான். கணினிக்குள் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில், மின்சாரத்தில் வரும் இரைச்சலை எர்த்துக்குத் தள்ளிவிட இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாத வீட்டில் அந்த மின்சாரம் போக வழியில்லாமல் இரும்புக் கூட்டிலேயே நிற்கும். 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி. மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு போகிறது. நாளைக்கே எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே ஏதாவது பழுதானால், எர்த் இல்லாத அந்தக் கூடு உயிருக்கே ஆபத்தாகும். பிளக்கில் மூன்று பின் இருக்கலாம், சுவரிலும் மூன்று ஓட்டை இருக்கலாம், ஆனால் மேலே இருக்கும் பெரிய ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லாத வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்தால் கேட்கவே வேண்டாம். எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த ஒரு பாயின்ட்டுக்காவது எர்த் சரி செய்யச் சொல்லுங்கள். மற்ற வேலை எல்லாம் அதற்குப் பிறகு.

இனி உங்கள் கணவரின் பாடல்களுக்கு வருவோம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று பல வீடுகளில் இப்படிப்பட்ட தமிழ் ஃபைல்கள் ‘கெட்டுப்போனது’ என்று குப்பைக்குப் போகின்றன.

கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைச் சேமிக்கிறது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எண் வரிசை யூனிகோடு. அதில் தமிழுக்கென்றே 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அதில் அடித்தால் உலகில் எந்தக் கணினியில் திறந்தாலும் ‘க’ என்பது ‘க’தான். யூனிகோடின் முதல் பதிப்பு 1991-லேயே வந்துவிட்டது என்றாலும் நம் மேசைக்கு வர வெகுகாலம் ஆயிற்று. அதுவரை ஒவ்வொரு நிறுவனமும் ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்களில் தமிழ் வடிவங்களைத் தன் விருப்பப்படி வரைந்து விற்றது. வானவில் ஒரு வரிசை, பாமினி வேறொரு வரிசை, மற்றவர்களுக்கு இன்னொன்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று பொதுவான குறியீடுகள் பரிந்துரைக்கப்பட்டன. ஆனாலும் பழகிய கைகள் பழைய ஃபான்ட்டை விடவில்லை. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல். உங்கள் கணவரும் அப்படிப் பழைய ஃபான்ட்டிலேயே அடித்திருக்கிறார். ஃபைலில் இருப்பவை அந்த எண்கள். அவற்றுக்குத் தமிழ் உருவம் தருவது வானவில் ஃபான்ட். ஃபான்ட் இல்லாத கணினி அதே எண்களுக்குத் தனக்குத் தெரிந்த ஆங்கில உருவத்தைக் காட்டுகிறது. வீணையைக் கொடுத்துவிட்டுத் தந்தியைக் கொடுக்க மறந்த கதைதான்.

ஆகவே எடுக்க வேண்டியவை இரண்டு, ஃபைல்களும் ஃபான்ட்டும். ஃபான்ட் இருப்பது சி டிரைவில், விண்டோஸ் என்ற ஃபோல்டருக்குள், ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரில். எது வானவில், எது வேறு என்று தேடிக்கொண்டிருக்காமல் எல்லாவற்றையும் தேர்ந்து காப்பி செய்து பென் டிரைவில் ஒட்டிவிடுங்கள். பெரிதாக இடம் பிடிக்காது.

ஃபைல்களில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘உங்க ஃபைல் எல்லாம் டி டிரைவ்ல பத்திரமா இருக்கும், சி மட்டும்தான் ஃபார்மட் பண்றோம்’ என்று கடையில் சொல்வார்கள். டெஸ்க்டாப்பில் கண்ணெதிரே தெரியும் ஃபைல்கள் சி டிரைவில்தான் இருக்கின்றன. மை டாக்குமென்ட்ஸும் அங்கேதான். எக்ஸ்பியில் சி டிரைவைத் திறந்து டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் என்ற ஃபோல்டருக்குள் போனால், உங்கள் கணவர் தமக்கு வைத்த பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை முழுசாக எடுங்கள். இடையில் ஏதாவது ஒரு ஃபைலுக்கு அனுமதியில்லை என்று காப்பி நின்றுவிட்டால், அதற்குள் இருக்கும் டெஸ்க்டாப்பையும் மை டாக்குமென்ட்ஸையும் தனித்தனியாக எடுங்கள். பிறகு டி, இ என்று எத்தனை டிரைவ் இருக்கிறதோ அவற்றையும் ஒரு பார்வை பாருங்கள்.

இதில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் கணினியை நான் ஃபார்மட் செய்தேன். டி டிரைவை மட்டும் பத்திரப்படுத்தினேன். அவர் தம் குடும்ப வரலாற்றை நாற்பது பக்கம் அடித்து டெஸ்க்டாப்பில் வைத்திருந்தார். நான் கேட்கவில்லை, அவருக்குச் சொல்லத் தோன்றவில்லை. புதிய விண்டோஸ் அதன் மேலேயே எழுதிவிட்டதால், மீட்பு மென்பொருளைப் போட்டு ஓர் இரவு முழுக்க உட்கார்ந்தும் சில பக்கங்கள்தான் துண்டு துண்டாக வந்தன. மறுநாள் காலை அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. அதற்குப் பிறகு டெஸ்க்டாப்பைப் பார்க்காமல் எந்த வீட்டிலும் நான் கை வைத்ததில்லை.

பென் டிரைவ் வாங்கும்போது 16 அல்லது 32 ஜிபி போதும். 64 ஜிபியும் அதற்கு மேற்பட்டவையும் பெரும்பாலும் எக்ஸ்பிக்குப் புரியாத எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. செருகினால் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று எக்ஸ்பி கேட்கும், கேட்பது எந்த டிரைவை என்று தெரியாமல் பயந்துபோவீர்கள். காப்பி ஆனதும் மகனுடைய கணினியில் செருகி முதலில் ஆன்டி வைரஸ் ஸ்கேன் ஓட்டச் சொல்லுங்கள், எக்ஸ்பி காலத்து வைரஸ்கள் பென் டிரைவ் வழியாகத்தான் ஊர் சுற்றின. பிறகு ஃபான்ட்டை அவர் கணினியில் நிறுவி ஒரு ஃபைலைத் திறந்தால் பாட்டு தமிழில் வந்து நிற்கும். ஒரு பிரதி மகனிடம், ஒன்று உங்களிடம்.

இன்னொன்று, அம்மா. ஃபைல்களைத் திறந்து பாருங்கள், ஆனால் இப்போதைக்கு சேவ் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு ஃபைலும் கடைசியாக என்று திருத்தப்பட்டது என்ற தேதியைத் தன்னோடு வைத்திருக்கிறது. எந்தப் பாட்டை அவர் எந்த வருடம் அடித்து முடித்தார் என்பதற்கு ஒருவேளை அது ஒன்றே சாட்சியாக இருக்கலாம். காப்பி செய்தால் அந்தத் தேதி மாறாது. சேவ் செய்தால், கடிகாரம் கெட்ட உங்கள் கணினி அதன் மேல் 2008 ஜனவரி 1 என்று குத்திவிடும்.

கணினி நடுவில் அணைந்துவிடுகிறது என்கிறீர்களே, காப்பி எப்படி முடியும்? அநேகமாகச் சூடுதான் காரணம். எர்த் சரியான பிறகு, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். கணினியின் மூளையான பிராசஸருக்கு மேல் ஒரு சின்ன விசிறியும் அதன் கீழே அலுமினியத் தகடுகளும் இருக்கும். பதினைந்து வருடத் தூசி அந்தத் தகடுகளுக்கு இடையில் கம்பளி மாதிரி படிந்திருக்கும். விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான பிரஷ்ஷால் எடுங்கள். ஈரத்துணி வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம், எச்சிலின் ஈரம் உள்ளே போகும். பிறகு தகடு திறந்தபடியே ஒரு டேபிள் ஃபேனைப் பக்கத்தில் ஓடவிட்டுக் காப்பி செய்யுங்கள். ஓடும்போது உள்ளே கை மட்டும் வைக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுக்காமல் ஃபோல்டர் ஃபோல்டராக எடுத்தால், நடுவில் அணைந்தாலும் நஷ்டமில்லை.

தகடு திறந்திருக்கும்போதே, எல்லாப் பாகங்களும் செருகப்பட்ட பெரிய பலகையான மதர்போர்டில் நிற்கும் சிறிய உருளைகளைப் பாருங்கள். அவைதான் கெப்பாசிட்டர்கள். மேல்பாகம் தட்டையாக இருக்க வேண்டும். உப்பிய இட்லி மாதிரி மேடிட்டிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அணைவதற்கு அதுவும் ஒரு காரணம். ஊரில் டிவி பழுது பார்க்கிறவரே அவற்றை மாற்றிக் கொடுப்பார். அவை நன்றாக இருந்து, தூசி எடுத்த பிறகும் கணினி அணைந்தால், பிராசஸருக்கும் அலுமினியத்துக்கும் இடையில் உள்ள பசை காய்ந்திருக்கும், அல்லது எஸ்எம்பிஎஸ் பலவீனமாகியிருக்கும். அதைக் கடைக்காரர் பார்க்கட்டும்.

தேதிப் பிரச்சினைக்கான விடையை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ‘கரண்ட் போய் வந்தாலும் அதே’ என்று கவனித்தீர்களே, அதுதான் துப்பு. மதர்போர்டில் சிஆர் 2032 என்ற, ஒரு ரூபாய் நாணயம் மாதிரியான 3 வோல்ட் பட்டன் பேட்டரி இருக்கிறது. கணினியை ஷட்டவுன் செய்தாலும் சுவரில் சுவிட்ச் போட்டிருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் கொஞ்சம் மின்சாரம் கொடுத்துக் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும். சுவிட்சை அணைத்தால்தான் பேட்டரி பொறுப்பேற்கும். நீங்கள் பொறுப்பாக ஒவ்வோர் இரவும் சுவிட்சை அணைக்கிறீர்கள், பேட்டரியில் உயிரில்லை, காலையில் கடிகாரம் 2008-க்கே போய்விடுகிறது. வாட்ச் கடையில்கூட இந்தப் பேட்டரி கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கி, பக்கத்துக் கிளிப்பை விரலால் நகர்த்தினால் பழையது துள்ளி வெளியே வரும். கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதை அழுத்துங்கள். அடுத்த முறை போடும்போது கறுப்புத் திரையில் ஏதோ எழுதி எஃப் 1 அழுத்தச் சொல்லும். பயப்படாதீர்கள், பழைய அமைப்புகள் மறந்துவிட்டன என்று சொல்கிறது, அவ்வளவுதான். செட்டப் திரைக்குள் போய்த் தேதியையும் நேரத்தையும் சரி செய்து எஃப் 10 அழுத்தி வெளியே வாருங்கள். சில போர்டுகளில் இதற்குப் பிறகு எக்ஸ்பி நீலத் திரையோடு நின்றுவிடும். ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறை ஐடிஇ என்பதிலிருந்து ஏஎச்சிஐ என்று மாறிவிடுவதால் வருவது அது. செட்டப்பில் மீண்டும் ஐடிஇ என்று வைத்தால் எழுந்துவிடும். ‘விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மட் போடணும்’ என்று யாராவது அப்போது சொன்னால் நம்பாதீர்கள்.

இணையத்தில் வரும் பாதுகாப்புச் செய்தியில் பாதி அந்தப் பேட்டரியால்தான். ஒவ்வொரு தளமும் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை செல்லும் என்ற சான்றிதழைக் காட்டுகிறது. 2020 செப்டம்பருக்குப் பிறகு வழங்கப்பட்டவை 398 நாளுக்கு மேல் செல்லாது. 2008-இல் நிற்கும் கணினிக்கு அவை எல்லாம் இன்னும் பிறக்காத சான்றிதழ்கள், அதனால் மறுக்கிறது. தேதி சரியானால் சில தளங்கள் திறக்கும். எல்லாம் திறக்காது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரல் 8-இல். குரோம் 2016-இல் அதன் 49-ஆம் பதிப்போடு எக்ஸ்பியைக் கைவிட்டது. இன்றைய தளங்கள் பேசும் மறையாக்க மொழியும் புதிய மூலச் சான்றிதழ்களும் அந்தக் கணினிக்குத் தெரியாது. எதையாவது இறக்கி ஏற்றி அதைச் சரிக்கட்ட முயல வேண்டாம். பென்ஷன் கணக்கு, வங்கி, ஆதார் எதையும் அதில் திறக்காதீர்கள். இணையக் கேபிளைக் கழற்றிவிடுங்கள், மெயிலும் வங்கியும் உங்கள் கைபேசியில் இருக்கட்டும்.

பீப் சத்தத்துக்கு வருகிறேன். திரை வராமல் நீளமான பீப் விட்டு விட்டுத் தொடர்ந்து கேட்டால், பெரும்பாலும் ராம் என்ற நினைவகப் பலகை தன் இடத்தில் சரியாகத் தொடவில்லை என்று பொருள். காற்றின் ஈரத்திலும் தூசியிலும் அதன் பொன்னிறப் பட்டைகளில் மெல்லிய படலம் படிகிறது. பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தைப் போக்குங்கள். கேபினெட்டின் வர்ணம் பூசாத இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். ராமின் இரு பக்கக் கிளிப்புகளையும் விரித்தால் பலகை மேலெழும். பட்டைகளைப் பிள்ளைகள் எழுதி அழிக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, கிளிப் இரண்டும் ‘டக்’ என்று மூடும்வரை அழுத்திச் செருகுங்கள். சாக்பீஸ் தூசியோடு வாழ்ந்த கைகளுக்கு இது ஒரு வேலையே இல்லை.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று சீரான சத்தம் எப்போதாவது வந்தால் மட்டும் இதையெல்லாம் நிறுத்திவிடுங்கள். உடனே அணைத்து, டிஸ்க்கை மட்டும் கழற்றித் தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதுதான் அப்படிப்பட்ட டிஸ்க்கைக் கொல்லும்.

விண்டோஸ் 10 வேண்டாம். ஒரு ஜிபி ராமில் அது நகராது, அதற்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 இந்தக் கணினியில் ஏறாது. உங்களுக்குப் புதிய கணினி தேவைப்பட்டால் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் கிடைக்கப்போவது சில நூறு ரூபாய். அதற்குள் இருக்கும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

அந்த வேலை இதுதான். எல்லாப் பாடல்களையும் பழைய கணினியிலேயே திறந்து பிடிஎஃப் ஆக்க வேண்டும். பிடிஎஃப்புக்குள் ஃபான்ட்டும் சேர்ந்தே போவதால், நாளை வானவில் இல்லாத கணினியிலும் கைபேசியிலும் அவர் வைத்த அதே வரி அமைப்போடு பாட்டு தெரியும். அதில் ஓப்பன் ஆபிஸ் என்ற இலவச மென்பொருள் இருந்தால் அதிலேயே பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி உண்டு. அவர் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் எதையாவது வடிவமைத்து வைத்திருந்தால் அந்த ஃபைல்களை விட்டுவிடாதீர்கள். மகனுடைய கணினியில் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டால், பேஜ்மேக்கர் 6, 7 கால ஃபைல்களைப் பெரும்பாலும் திறந்துவிடும்.

அதற்குப் பிறகு யூனிகோடாக மாற்றலாம். எழுத்துரு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, உங்கள் மகன் ஒரு மாலையில் கற்றுக்கொள்வார். ஆனால் மாற்றி சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். நடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் அது தமிழ் என்று எண்ணிக் குழப்பிவிடும். ‘கொ’, ‘கோ’ போன்றவை பழைய ஃபான்ட்டில் கொம்பு, எழுத்து, கால் என்று மூன்று துண்டாக அடிக்கப்பட்டவை. எங்காவது நடுவில் ஓர் இடைவெளி விழுந்திருந்தால் தனிக்கொம்பாக நிற்கும். முதலில் பத்துப் பக்கம் மாற்றி, பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒப்பாரியில் வரும் வட்டார வழக்குகளை எந்த மென்பொருளும் திருத்தக் கூடாது. பிழை திருத்தியை அணைத்துவிட்டு நீங்களே படியுங்கள். எது அவர் கேட்ட சொல், எது தட்டச்சுப் பிழை என்று உங்களைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

இது முடியும்வரை பழைய கணினியை மாதம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓடவிடுங்கள். புதிய பேட்டரியைப் போட்ட தேதியை ஒரு பிளாஸ்திரியில் எழுதிக் கேபினெட்டின் மேல் ஒட்டிவையுங்கள்.